நெஞ்சில் வீக்கத்துக்குக் கழுத்தில் ஏன் பைபாஸ்?

அப்பாவுக்கு மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) வளைவில் வீக்கம், ஸ்டென்ட் வைக்கும் முன் கழுத்தில் ஒரு பைபாஸ் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். எல்லாம் இடப் பற்றாக்குறைதான். ஸ்டென்ட் கிராஃப்ட் (உள்ளே வைக்கும், துணி போர்த்திய கம்பி வலைக் குழாய்) கசியாமல் பிடித்துக்கொள்ள, வீக்கத்துக்கு முன்னால் சுமார் 2 செ.மீ. நல்ல குழாய்ச் சுவர் வேண்டும். பல நேரம் அந்த இடத்தில்தான் இடது கைக்குப் போகும் தமனி கிளம்புகிறது. ஸ்டென்ட் அதன் வாயை மூடிவிடும். கை பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். ஆனால் மூளையின் பின்பகுதிக்கும் தண்டுவடத்துக்கும் போகும் ரத்தத்தில் ஒரு பங்கு அதே கிளை வழியாகத்தான் போகிறது. அதனால்தான் கழுத்துத் தமனியிலிருந்து அந்தக் கைத் தமனிக்கு முன்கூட்டியே மாற்றுப் பாதை, அதாவது பைபாஸ், போடுகிறார்கள்.

அப்பாவுக்கு முன்பே இதய பைபாஸ் நடந்திருக்கிறதா? நீங்கள் சொல்லவில்லை. இடது மார்புத் தமனியை வைத்துச் செய்திருந்தால், அது பிரிவதே இந்தக் கைத் தமனியிலிருந்துதான், அந்தக் கிளையை நம்பித்தான் இதயமே இருக்கிறது. மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். வயிற்று மகாதமனியில் ஏற்கெனவே அறுவை நடந்திருந்தாலும் சொல்லுங்கள், தண்டுவட ஆபத்து கூடும்.

அப்புறம், சிகிச்சைக்குப் பின் ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் உயர்த்தியே வைத்திருந்தால் பதறாதீர்கள். தண்டுவடத்துக்கு ரத்தம் எட்ட அதுதான் துணை. கால் பலவீனம் ஓரிரு நாள் கழித்தும் வரலாம். தெரிந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.