சப்பாத்தியை இன்றே நிறுத்திவிடாதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. இரண்டு வருடமாக டைப் 1 சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறோம். சில மாதங்களாகச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே சர்க்கரை இறங்கிவிடுகிறது, உயரமும் ஏறவில்லை. ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு சீலியாக் (கோதுமை ஒத்துக்கொள்ளாமல் குடல் பாதிக்கப்படும் நோய்) இருக்கலாம் என்று மூன்று வாரம் கழித்து எண்டோஸ்கோபிக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். வயிற்றுவலி, பேதி எதுவுமே இல்லையே! கோதுமையை இன்றே நிறுத்திவிடட்டுமா?
- ஒரு தாய், திருச்சி

பதில்: வேண்டாம் சகோதரி, தயவுசெய்து நிறுத்தாதீர்கள். கோதுமை உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் குடலில் அதன் பாதிப்பு தெரியும். இப்போது நிறுத்தினால் குடல் ஆறத் தொடங்கிவிடும், எண்டோஸ்கோபியில் எடுக்கும் சதைத் துணுக்கில் ஒன்றும் இல்லை என்று வந்துவிடலாம், அப்புறம் மறுபடி கோதுமை கொடுத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். பாவம், குழந்தைக்குத்தான் இரண்டு முறை கஷ்டம். ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் அதை டாக்டரிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

வயிற்றுவலி இல்லாததில் ஆச்சரியமே இல்லை. டைப் 1 உள்ள குழந்தைகளில் 100 பேருக்குச் சுமார் 5 பேருக்கு சீலியாக் இருக்கிறது, அதில் நிறையப் பேருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டுமே உடம்பின் எதிர்ப்பு சக்தி தன்னையே தாக்குவதால் வருபவை, இரண்டுக்கும் பொதுவான மரபணுக்கள் உண்டு. தென்னிந்தியாவில் சீலியாக் வடக்கைவிட மிகவும் குறைவு என்பதால் இங்கே சட்டென்று யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. உங்கள் டாக்டர் யோசித்துப் பார்த்திருக்கிறார், நல்ல விஷயம்.

சர்க்கரை இறங்குவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். சிறுகுடலின் உள்சுவரில் சின்னச் சின்ன விரல்கள் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவைதான் சாப்பாட்டை உறிஞ்சுகின்றன. சீலியாக்கில் அவை தேய்ந்து தட்டையாகிவிடும். நீங்கள் சாதத்தைக் கணக்குப் பார்த்துச் சரியாகத்தான் ஊசி போட்டிருப்பீர்கள், ஆனால் சாதத்தின் சத்து நேரத்துக்கு ரத்தத்தில் சேரவில்லை, இன்சுலின் மட்டும் தன் வேலையைப் பார்த்துவிட்டது. உங்கள் மேல் தப்பில்லை. எண்டோஸ்கோபி வரைக்கும் இன்சுலின் அளவைக் குறைக்கலாமா என்று மட்டும் டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். அன்றைக்கு வெறும் வயிற்றில் இருக்க வேண்டும் என்பதால் காலையில் முதல் ஆளாக எடுக்கச் சொல்லுங்கள், எந்த ஊசி எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சீலியாக்தான் என்று உறுதியானால், அதற்குப் பிறகு கோதுமை, ரவை, மைதா, சேமியா, பார்லி எதுவும் ஆயுசுக்கும் கூடாது, ஒரு வாய்கூட. நம் ஊரில் சர்க்கரை என்றாலே ராத்திரிக்குச் சப்பாத்தி என்று ஆகிவிட்டது, உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்தக் குழந்தைக்கு அது சரிப்படாது. இட்லி, தோசை, இடியாப்பம், கேழ்வரகு, கம்பு, தினை எல்லாம் கொடுக்கலாம். ஆனால் கேழ்வரகை மாவு மில்லில் கொடுக்காதீர்கள், முன்னால் அரைத்தவரின் கோதுமை மாவு கல்லில் ஒட்டியிருக்கும். கழுவிக் காயவைத்து வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். ஹோட்டல் சாம்பாரில் போடுவதும் அதேதான்.

இட்லியும் சாதமும் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும், அதனால் கூடவே சுண்டல், பயறு, முட்டை என்று ஏதாவது இருக்கட்டும். குடல் ஆற ஆறச் சத்து நன்றாகச் சேரும், இன்சுலின் தேவையும் கூடலாம், அந்த மாதங்களில் அடிக்கடி சர்க்கரை பாருங்கள்.

பள்ளியில் சர்க்கரை இறங்கினால் டீச்சர் சட்டென்று பிஸ்கட்டைத்தான் நீட்டுவார். குளுக்கோஸ் பொடி ஒரு டப்பாவில் போட்டுப் பெயர் எழுதி அவரிடமே கொடுத்து வையுங்கள். அப்புறம், கூடப் பிறந்தவர்கள் இருந்தால் அவர்களுக்கும், உங்கள் இருவருக்கும் அதே ரத்தப் பரிசோதனையை ஒருமுறை எடுத்துவிடுங்கள்.