வீட்டுக்குப் பின்னால் நிற்பது மலையா, குன்றா?

கேள்வி: போடிமெட்டிலிருந்து பூப்பாறை போகிற வழியில், 2 கிலோமீட்டரில் எங்கள் ஏலத்தோட்டம். வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு. அதன் உச்சியில் கைபேசி 1,480 மீட்டர் காட்டுகிறது, வாசலில் 1,390. பள்ளிக்கு வரைந்த படத்தில் மகள் அதை 'மலை' என்று எழுதினாள். டீச்சர் அடித்து 'குன்று' என்று திருத்திவிட்டார். எது சரி?

பதில்: அந்த மேடு குன்றுதான், டீச்சர் திருத்தியது சரி. ஆனால் மகள் எழுதியதையும் அப்படியே அடித்துவிட எனக்கு மனமில்லை.

1,480 என்பது கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரம். அதை மட்டும் வைத்து மலை என்று சொல்ல முடியாது. திபெத் பீடபூமி சராசரியாக 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கேயும் பரந்த சமவெளிகள் உண்டு. அடியிலிருந்து உச்சிவரை எவ்வளவு ஏற்றம் என்பதுதான் முக்கியம். உங்கள் மேட்டுக்கு அது 90 மீட்டர்.

எவ்வளவு ஏறினால் மலை? உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட எல்லை கிடையாது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் 1,000 அடி, அதாவது சுமார் 305 மீட்டர் என்று வைத்திருந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அதையும் விட்டுவிட்டார்கள். நம் மக்கள் அளவுகோல் இல்லாமலே பிரித்துப் பேசுகிறார்கள். தேனி, கம்பம் பக்கம் வறண்டு கிடக்கும் சின்னக் குன்று கரடு. தென்காசிப் பக்கம் பொத்தை. மலையைக் கடக்கிற இடம் மெட்டு. உச்சி என்றால் முடி, 2,695 மீட்டர் ஆனைமுடி போல. பாடப்புத்தகத்தின் மலை, குன்று என்ற இரண்டு சொல்லைவிட இது நுட்பமான பிரிப்பு என்பேன்.

சரி, மகள் பக்கம் வருவோம். போடிமெட்டில் நின்று கிழக்கே பாருங்கள். போடி ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் கீழே கிடக்கிறது, பஸ் 17 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் மையம் ஒன்று 2000இல் வகுத்த முறை இங்கே உதவும். 1,000 முதல் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள இடம் 5 பாகையாவது சரிந்திருக்க வேண்டும், அல்லது சுற்றி 7 கிலோமீட்டருக்குள் ஏற்றத்தாழ்வு 300 மீட்டரைத் தாண்ட வேண்டும். அப்போது அது மலைப்பகுதி. உங்கள் தோட்டம் தாராளமாக இதில் அடங்கும். இமயம்போல் மடிந்து எழுந்ததல்ல நம் மேற்குத் தொடர்ச்சி மலை. பழைய பாறைநிலம் உயர்ந்து, மழையும் ஆறும் அரித்து உருவானது. அதனால்தான் போடிமெட்டுப் பக்கம் கிழக்கு ஓரம் சுவர் மாதிரி நிற்க, மேலே ஏறிவிட்டால் சின்னச் சின்ன மேடும் பள்ளமுமாக இருக்கிறது.

அளக்கும்போது ஒரு கவனம். கைபேசி பத்து இருபது மீட்டர் பிசகுவது சாதாரணம். உச்சியிலும் அடியிலும் ஒரே நாளில், ஒரே கைபேசியில் பாருங்கள். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடம் கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் சமஉயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், பெரும்பாலும் 20 மீட்டருக்கு ஒன்று. உங்கள் மேட்டில் நாலைந்து கோடு எண்ணலாம்.

அப்புறம், படத்தில் 'மலைமேல் ஒரு குன்று' என்று மகளை எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் இரண்டு உயரமும் வேண்டும்: கடல்மட்டத்திலிருந்து 1,480, அடியிலிருந்து 90.