வாசகர் கேள்வி - பதில்: அலுவலகத்தில் மானிடவியலாளருக்கு என்ன வேலை?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் பணியாளர்களின் மனநிறைவை அறிய ஆண்டுதோறும் கருத்துக்கணிப்பு நடத்துகிறோம். முடிவுகள் ஒவ்வொரு முறையும் நன்றாகவே வருகின்றன; ஆனாலும் திறமையானவர்கள் விலகிக்கொண்டே இருக்கிறார்கள். மானிடவியலாளர் ஒருவரை அழைத்துப் பார்க்கலாம் என்கிறார் ஓர் ஆலோசகர். பழங்குடி மக்களை ஆராயும் துறைக்கும் அலுவலகத்துக்கும் என்ன தொடர்பு?

பதில்: கேட்டுக் கேட்டும் விடை கிடைக்காமல் நீங்கள் நிற்கும் இதே இடத்தில் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு நிறுவனம் நின்றிருக்கிறது. சிகாகோ அருகே, தொலைபேசிக் கருவிகளைத் தயாரித்துவந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாத்தார்ன் ஆலையில், 1928 முதல் சுமார் இரண்டே ஆண்டுகளில் 20,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை நேர்காணல் செய்தார்கள். குறைகள் மலைபோல் குவிந்தன. ஆனால் அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு பட்டறைக்குள் நாள்தோறும் என்ன நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள முடியவில்லை. அந்தக் கட்டத்தில் ஆய்வுக் குழுவுக்கு ஆலோசனை கூறியவர்தான் லாயிட் வார்னர் என்னும் மானிடவியலாளர். வட ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடையே 1926 முதல் 1929 வரை களப்பணி செய்தவர் அவர். ஒரு சிறு சமூகத்தை அது வாழும் இடத்திலேயே இருந்து பார்ப்பதுபோல, ஒரு வேலைக்குழுவையும் அது வேலை செய்யும் இடத்திலேயே இருந்து பார்க்க வேண்டும் என்பதே அவர் கொண்டுவந்த முறை.

அதன்படி 1931 நவம்பரிலிருந்து 1932 மே வரை, தொலைபேசி இணைப்பகக் கருவிகளுக்குக் கம்பி பூட்டிப் பற்றவைக்கும் 14 ஆண்கள் ஒரு தனி அறையில் கவனிக்கப்பட்டார்கள். குழுவின் மொத்த உற்பத்தி உயர்ந்தால் அனைவருக்கும் கூலி உயரும் என்பது அங்கிருந்த ஏற்பாடு. நிர்வாகத்தின் கணக்குப்படி எல்லோரும் வேகமாக உழைத்திருக்க வேண்டும். அவர்களோ நாளொன்றுக்கு இரண்டு கருவிகள்தான் நியாயமான வேலை என்று தங்களுக்குள்ளேயே வரையறுத்திருந்தார்கள். அந்த அளவை மிஞ்சியவருக்குக் கேலியும், சில வேளைகளில் மேற்கையில் ஒரு குத்தும் கிடைத்தன. மிகக் குறைவாகச் செய்தவரையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை. மேலதிகாரியிடம் காட்டிக்கொடுத்தவரை அறவே ஒதுக்கினார்கள். ஒரு நாள் கூடுதலாகச் செய்ததை மறைத்துவைத்து, உற்பத்தி குறைந்த நாளின் கணக்கில் சேர்த்துக் காட்டியதால், ஏட்டில் எல்லா நாட்களும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரிந்தன. நேர் மேற்பார்வையாளருக்கு இது தெரியும். அவர் கண்டும் காணாதவராக இருந்துவிட்டார்.

இதைச் சோம்பல் என்று சொல்லிவிட்டால் பாடம் கைநழுவிப் போகும். வேகத்தைக் காட்டினால் கூலி விகிதத்தைக் குறைப்பார்கள், அல்லது சிலரை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்பதே அவர்களுடைய அச்சம். அந்த அச்சத்துக்கு அனுபவத்தில் ஆதாரமில்லை என்றுதான் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆனால் அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். வேலை அருகிப்போனதால் அந்த ஆய்வே நிறுத்தப்பட்டது. தொழிலாளர்களின் கணக்கு ஆய்வாளர்களின் கணக்கைவிடச் சரியாக இருந்தது என்பதே என் எண்ணம்.

இனி உங்கள் கருத்துக்கணிப்புக்கு வருகிறேன். படிவத்தை நிரப்புவதும் பணியிடத்தில் நிகழும் ஒரு செயல்தான். அதற்கும் எழுதப்படாத விதிகள் இருக்கும். விடைகளை யார் பார்ப்பார்கள் என்று பணியாளர்கள் நம்புகிறார்கள், முன்பு ஒருமுறை மனம்விட்டு எழுதியவருக்கு என்ன நேர்ந்தது, நல்ல மதிப்பெண் வர வேண்டும் என்று எந்த மேலாளராவது கணிப்புக்கு முன் ஜாடையாகச் சொல்கிறாரா என்பவற்றை முதலில் பாருங்கள். உங்களுக்கு ஆண்டுதோறும் கிடைப்பது மனநிறைவின் அளவாக இல்லாமல், பணியாளர்களின் எச்சரிக்கை உணர்வின் அளவாகவும் இருக்கலாம்.

கேள்வி: எங்கள் பழுதுநீக்கும் பணியாளர்கள் வேலை நேரத்தில் கூடி நின்று கதை பேசுகிறார்கள். இதைக் கட்டுப்படுத்தச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. மானிடவியல் இதற்கு வழி சொல்லுமா?

பதில்: கட்டுப்படுத்துவதற்கு முன் என்ன கதை பேசுகிறார்கள் என்று கேளுங்கள் என்று சொல்லும். செராக்ஸ் நிறுவனத்தின் நகல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களுடன் 1980-களில் களப்பணி செய்த ஜூலியன் ஆர் என்னும் மானிடவியலாளர், தாமும் முன்பு பழுதுபார்ப்பவராக வேலை செய்தவர். எந்தப் பழுதுக்கு என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகச் சொல்லும் கையேடுகள் அவர்களிடம் இருந்தன. நடைமுறையிலோ கையேட்டில் இல்லாத பழுதுகள் வந்துகொண்டே இருந்தன. அப்போது கைகொடுத்தவை, வேலைக்கு நடுவே அவர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொண்ட பழைய பழுதுகளின் கதைகளே என்பதை அவர் கண்டார். நிர்வாகத்தின் கண்ணுக்கு வெட்டிப் பேச்சாகத் தெரிந்தது, உண்மையில் அந்தத் தொழிலின் அறிவு கைமாறும் வழியாக இருந்தது. பின்னர் 1990-களில், பழுதுபார்ப்பவர்களே குறிப்புகளை எழுதி, சக பணியாளர்களே சரிபார்க்கும் யுரேகா என்னும் தரவுத்தளத்தை அந்நிறுவனம் உருவாக்கியது. குறிப்பு தந்தவரின் பெயர் அதனுடனேயே இடம்பெற்றது.

உங்கள் பணியாளர்கள் வெறும் அரட்டையும் அடிக்கலாம், மறுக்கவில்லை. இரண்டு வாரம் அவர்களோடு பணிக்குச் சென்று பார்த்தபின் உத்தரவை நிறைவேற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

கேள்வி: சுற்றுலா, விளையாட்டுப் போட்டி, சுவரெங்கும் கொள்கை வாசகங்கள் என்று செலவு செய்கிறோம். இவை பணியிடப் பண்பாட்டை வளர்க்குமா?

பதில்: சுற்றுலா மகிழ்ச்சி தரும்; அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். வாசகத்தைவிட, கடைசியாகக் கெட்ட செய்தியைக் கொண்டுவந்தவர் எப்படி நடத்தப்பட்டார் என்பதைத்தான் பணியாளர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

கேள்வி: மனிதவளத் துறையில் இருக்கிறேன். வெளியாளை அமர்த்த நிதி இல்லை. நானே இத்தகைய ஆய்வைச் செய்ய முடியுமா? இது வேவு பார்ப்பதாகிவிடாதா?

பதில்: ஓரளவு செய்யலாம். புதிதாகச் சேர்ந்தவரிடம் முதல் மாதத்திலேயே பேசுங்கள். எது அவருக்கு விசித்திரமாகப் பட்டது என்பது அப்போதுதான் நினைவில் இருக்கும், பிறகு பழகிவிடும். ஒரு கோரிக்கை தொடக்கத்திலிருந்து ஒப்புதல் வரை யார் யார் கையில் நகர்கிறது என்று பின்தொடருங்கள். எழுத்தில் உள்ள நடைமுறை எங்கே விலகுகிறதோ, அங்கே நின்று காரணம் கேளுங்கள். கூட்டத்தில் பேசாத ஒருவர், கூட்டம் முடிந்ததும் நடைவழியில் யாரிடம் பேசுகிறார் என்றும் பாருங்கள். அன்றன்றைய குறிப்பை அன்றே எழுதிவிடுங்கள். மேலாளர்களை இதிலிருந்து விலக்கிவிடாதீர்கள். கீழே இருப்பவர்களின் பண்பாட்டை மட்டும் ஆராய்வது பாதி ஆய்வு.

உங்களுக்குள்ள பெரிய தடை உங்கள் பதவி. நீங்கள் அறைக்குள் வந்தாலே பேச்சு மாறிவிடும். வேவு பற்றிய உங்கள் கேள்வியும் இங்கேதான் கனக்கிறது. ஆராயப்படுவோருக்குத் தீங்கு நேரக்கூடாது, அவர்கள் அறிந்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்பவை மானிடவியல் தொழில்நெறியின் அடிப்படை விதிகள். என்ன பார்க்கிறீர்கள், எதற்காக, அறிக்கையை யார் படிப்பார்கள் என்பதை முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லுங்கள். பத்துப் பேர் உள்ள பிரிவில் பெயரை நீக்கினாலும் ஆளை அடையாளம் கண்டுவிட முடியும் என்பதால், ஒருவர் சொன்னதை அப்படியே அறிக்கையில் இடாதீர்கள். அதைச் சொன்னவர் யார் என்று உங்கள் மேலதிகாரி ஒருநாள் கேட்கக்கூடும். அன்றைக்குப் பெயரைச் சொல்ல மறுத்துவிட உங்களால் முடியாது என்று இப்போதே தோன்றினால், இந்த ஆய்வைத் தொடங்காதீர்கள்.