மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு: எந்தச் சட்டத்தைக் காட்டுவது?

சான்றிதழ் வரவில்லை என்பதற்காக உங்கள் தங்கை மகளை நான்காம் வகுப்பில் சேர்க்க மறுக்கக் கடலூரில் எந்த அரசுப் பள்ளிக்கும் அதிகாரம் இல்லை. அரசியலமைப்பின் 21அ உறுப்பைக் காட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தத்தால் வந்த அந்த உறுப்பு 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை அடிப்படை உரிமையாக்கினாலும், அதை நிறைவேற்றும் முறையைச் சட்டத்திடம் விட்டுவிடுவதால், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் 5(3) பிரிவைக் காட்டுவதே பலன் தரும். சான்றிதழ் தாமதமாவதைச் சொல்லிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்று அது நேரடியாகவே கூறுகிறது. பழைய பள்ளியில் கட்டண பாக்கி இருப்பதும் குழந்தையின் குற்றமன்று.

புதுச்சேரி மாணவியின் பதிவு தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் இணையதளத்தில் கிடைக்காததால் தலைமையாசிரியர் தயங்கியிருக்கலாம். ஆனால் 5(2) பிரிவு மாநிலம் விட்டு மாறுவதையும் சேர்த்தே பேசுகிறது.

வாய்மொழியாகக் கேட்பதை விட்டு, பிரிவெண்ணைக் குறிப்பிட்டு மனு எழுதி, நகலில் பள்ளி முத்திரையும் தேதியும் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் அதே மனுவை வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுங்கள். அவள் வீட்டிலிருக்கும் ஒவ்வொரு நாளும் பாடம் போகிறது, தள்ளிப்போடாதீர்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும்: சுயநிதிப் பள்ளியில் இடம் கேட்க இப்பிரிவு உதவாது. கடலூரில் மிஷன் பள்ளிகள் பல உண்டு. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி உதவிபெறுவதாக இருந்தாலும், 2014ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி இச்சட்டம் அதற்குப் பொருந்தாது.