தீப்பெட்டி என்ஜினும் பொன்னெழுத்து வாட்டும்: வாசகர் கேள்விகள்

(கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன. நான்கு பக்கம் எழுதுகிறவர்கள் கொடுத்த விலையை மட்டும் எழுத மறந்துவிடுகிறார்கள்.)

கே: தீப்பெட்டி அளவில் ஒரு குட்டி என்ஜின். லைட்டர் கேஸ் ஒருமுறை நிரப்பினால் ஒரு மாதம் போனுக்குச் சார்ஜ் ஏற்றுமாம். முகநூலில் விளம்பரம். விலை 18,500 ரூபாய், பாதி முற்பணம். வாங்கலாமா ஐயா? (தலவாக்கலை)

ப: வேண்டாம் தம்பி. முற்பணம் கட்டியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இந்த ஆசை பொய்யில்லை. ஒரு கிலோ லைட்டர் கேஸில் 12,000 வாட்-மணிக்கு மேல் சக்தி அடங்கியிருக்கிறது (ஒரு வாட் வீதம் ஒரு மணி நேரம் கொடுத்தால் அது ஒரு வாட்-மணி). ஒரு கிலோ லித்தியம் பெட்டரியில் 200, மிக நல்லதென்றால் 250. அதனால்தான் 1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சட்டைப் பொத்தான் அளவு எரிவாயுச் சுழலி (டர்பைன்) செய்யப் புறப்பட்டார்கள். சிலிக்கன் தகடுகளைச் செதுக்கி, 4 மில்லிமீற்றர் சக்கரத்தை நிமிடத்துக்குப் பத்து லட்சம் சுற்றுக்கு மேல் சுழற்றுவது திட்டம். கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் வேறொரு குழு குட்டிச் சுழல் என்ஜினில் இறங்கியது. ஆய்வுக்கூடத்தில் நல்ல வேலை நடந்தது. கடையில் வாங்கிப் போனில் சொருகும் பொருளாக எதுவும் வரவில்லை.

நெருப்பைச் சிறிதாக்குவது கடினம். என்ஜின் சிறுக்கச் சிறுக்க உள்ளே எரிகிற வாயுவின் அளவு வேகமாகக் குறைகிறது. சுற்றியுள்ள சுவரின் பரப்பு அவ்வளவு வேகமாகக் குறைவதில்லை. எனவே சூடெல்லாம் சுவர் வழியே ஓடிவிடும். சுமார் இரண்டு மில்லிமீற்றர் இடுக்குக்குள் கேஸ் சுவாலை தானாகவே அணைந்துவிடும். 1815இல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில விஞ்ஞானி சுரங்க விளக்கைக் கம்பி வலையால் மூடியது இந்தக் குணத்தை நம்பித்தான். அத்தனையையும் வென்றாலும், போனுக்கு 5 வாட் கொடுக்கும் என்ஜின் நூற்றுக்குப் பத்து வீதம் திறனோடு ஓடினால் மீதி 45 வாட் சூடாக வெளியேறும். ரேடியோ திருத்துபவரின் சோல்டரிங் அயனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறுவீர்களா?

கணக்கையும் பாருங்கள். தீப்பெட்டி முழுக்கக் கேஸே நிரம்பினாலும் சுமார் 15 கிராம். அதில் 180 வாட்-மணி. பத்து வீதம் என்றால் 18. ஒரு போனுக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றலாம். இதில் என்ஜினுக்கு நான் இடமே விடவில்லை.

என் தீராத கோபம் இங்கேதான். எரிபொருளுக்குள் இருக்கிற எண்ணைப் பெட்டியில் பெரிதாக அச்சிடுகிறார்கள். வயரின் முனையில் வந்து சேருகிற எண்ணை எங்கும் போடுவதில்லை. என் வீட்டு அலமாரியில் ஓர் ஒலிபெருக்கி கிடக்கிறது. முகப்பில் பொன்னெழுத்தில் 1,200 வாட். அதன் அடப்டரைத் திருப்பிப் பார்த்தால் 12 வோல்ட், 2 அம்பியர். அதாவது 24 வாட் உள்ளே போய் 1,200 வாட் வெளியே வருகிறது! இந்த அதிசயத்துக்கு நான் காசு கொடுத்திருக்கிறேன். மின்சாரப் பொருள் எதை வாங்கினாலும் முகப்பை விடுங்கள், அடியில் ஒட்டியிருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். படிக்கவிடாத கடையில் வாங்காதீர்கள்.

எரிபொருளில் இயங்கும் சார்ஜர் விற்பனைக்கே வந்ததில்லை என்று சொல்லவில்லை. 2009இல் தோஷிபா மெதனோல் எரிபொருள் கலம் (எரிபொருளை எரிக்காமல் இரசாயன முறையில் மின்சாரமாக்கும் பெட்டி) ஒன்றை ஜப்பானில் விற்றது, 3,000 மட்டும். அதில் என்ஜினும் இல்லை, சுவாலையும் இல்லை.

கே: அதே விளம்பரத்தில் 'நாசா தொழில்நுட்பம்' என்று போட்டிருக்கிறதே? (ஹட்டன்)

ப: நாசா ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கிளை திறக்கவில்லை.

கே: கொழும்பில் 650 வாட் பெற்றோல் ஜெனரேட்டர் வாங்கினோம். அங்கே கடையில் நன்றாக ஓடியது. இங்கே 500 வாட் சுமை கொடுத்தாலே திணறுகிறது, கறுப்புப் புகை வேறு. ஏமாற்றிவிட்டார்களா? (நுவரெலியா)

ப: பாதி ஏமாற்று, பாதி மலை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்த இடத்தில் என்ஜினுக்கு மூச்சு குறைவு. 300 மீற்றருக்கு மூன்று வீதத்துக்குச் சற்று மேல் என்று வைத்தால் ஐந்தில் ஒரு பங்கு பலம் போய்விடும். காற்று குறைந்தும் பெற்றோல் அதே அளவில் இறங்குவதால்தான் கறுப்புப் புகை. காபரேட்டருக்குச் சிறிய ஜெட் (பெற்றோல் இறங்கும் துளை) போட்டால் புகை அடங்கும், பிளக்கில் கரி படிவது குறையும். போன பலம் முழுதாகத் திரும்பாது. எங்கே வைத்து ஓட்டப் போகிறீர்கள் என்று விற்பவர் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அவர் கேட்கவில்லை என்பதால் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன்.

கே: சின்ன ஜெனரேட்டரை லயக் காம்பராவுக்குள் வைத்து, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து ஓட்டலாமா? வெளியே வைத்தால் களவு போகும். (பொகவந்தலாவை)

ப: கூடவே கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தூங்குகிறவர் எழும்பமாட்டார். பக்கத்துக் காம்பராவிலும் பிள்ளைகள் தூங்குகிறார்கள். லயத்தை விட்டுத் தள்ளி வைத்துச் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். போனால் ஜெனரேட்டர் போகட்டும்.

கே: 2,900 ரூபாய்க்கு 50,000 மில்லி அம்பியர்-மணி பவர் பேங்க். எடை 210 கிராம்தான், கைக்கு அடக்கம். ஒரு போனுக்குச் சார்ஜ் ஏற்றியதும் படுத்துவிட்டது. போன வருடம் இதே கடையில் வாங்கியதும் இப்படித்தான். (மஸ்கெலியா)

ப: இதே கடையிலா? பிறகு எனக்கு ஏன் எழுதுகிறீர்கள்?

சரி. உள்ளே போடும் 18650 என்ற உருளைக் கலம் ஒன்று சுமார் 45 கிராம். நல்லதே 3,500தான் கொள்ளும். 50,000க்குப் பதினைந்து கலம் வேண்டும், முக்கால் கிலோவை நெருங்கும். வாங்குமுன் தோட்டக் கடையின் பருப்புத் தராசில் ஒருமுறை வைத்திருந்தால் போதும். நேர்மையான 20,000 பவர் பேங்க்கூட, போனுக்கு வெளியே கொடுக்கும் 5 வோல்ட்டில் கணக்குப் பார்த்தால் 12,000, 13,000 அளவுதான் தரும்.

கே: சம்பள நாளில் வேனில் வந்து, 'புகை வராத பெற்றோல் சார்ஜர்' என்று 9,000 ரூபாய்க்கு விற்றார்கள். வாங்கிய மறுநாளே பேத்தியின் போன் கருகிவிட்டது. பில் தரவில்லை. படிக்காத சனம், எங்களுக்கு இதுதான் கதி. (அக்கரப்பத்தனை)

ப: அம்மா, இதில் உங்கள் படிப்புக்கு வேலையே இல்லை, படித்தவர்கள் எழுதியதை மேலே பார்த்தீர்கள்தானே. சார்ஜரையும் போனையும் எறியாமல் வையுங்கள். வேனின் இலக்கம், விற்றவரின் தொலைபேசி எண் அயலில் யாரிடமாவது இருக்கும். 1977க்கு அழைத்துப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் சொல்லுங்கள். பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்து மூல முறைப்பாட்டைக் கொடுத்துவிட வேண்டும். பேத்தியை எழுதச் சொல்லுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். அன்று வாங்கிய மற்ற வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரே கடிதத்தில் பல கையெழுத்து விழட்டும்.

கே: பொம்மை விமானத்தின் மெதனோல் என்ஜினோடு டைனமோவை இணைத்து மின்வெட்டுக்குச் சமாளிக்கலாம் என்கிறான் மகன். வாங்கிக் கொடுக்கலாமா? (பண்டாரவளை)

ப: விளையாட வாங்கிக் கொடுங்கள். மின்வெட்டுக்கு நல்ல பவர் பேங்க் போதும். அந்த என்ஜின் போடும் இரைச்சலில் அயலார் முதலில் உங்களிடம்தான் வருவார்கள். மெதனோலோ சில மிடறிலேயே கண்ணைப் பறிக்கும் விஷம். தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைக்க விடாதீர்கள். அந்த எரிபொருள் பண்டாரவளையில் எங்கே கிடைக்கும் என்று விற்பவரிடம் முதலில் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.