நானோ பாடத்துக்கு பெட்டி வேணாம் டீச்சர், சேம்பு இலை போதும்

கேரளாவுல பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம் ஒரு தமிழ் மீடியம் ஹைஸ்கூல்ல இருந்து ஒரு சயின்ஸ் டீச்சர் கேட்டிருக்காங்க: "ஒம்பதாம் கிளாஸ் பிள்ளைங்களுக்கு நானோ டெக்னாலஜி சொல்லிக்கொடுக்கணும்னு ஆசை. பிடிஏல கொஞ்சம் பணம் தர்றேங்கறாங்க, நானோ கிட்னு ஒரு பெட்டிய ஒருத்தர் வந்து காட்டிட்டுப் போனார், வாங்கலாமா? லேப்ல சாதாரண மைக்ராஸ்கோப்புதான் இருக்கு. தமிழ்ல பாடமும் கிடைக்க மாட்டேங்குது."

டீச்சர், பெட்டி இப்ப வேணாம். நாலு பீரியட் ஒதுக்க முடியுமான்னு மட்டும் ஹெச்எம் கிட்ட கேளுங்க, போதும். நானோங்கறது 1-லருந்து 100 நானோமீட்டர் வரைக்கும் உள்ள சமாச்சாரம், எவ்வளவு நல்ல லைட் மைக்ராஸ்கோப் வாங்கினாலும் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழ பிரிச்சுக் காட்டாது, அதனால கண்ணால பாக்கப் போறோம்னு பிள்ளைங்க கிட்ட சொல்லிராதீங்க. பாக்க முடியாத ஒண்ணு இருக்குன்னு எப்படி நம்பறது, அதான் இங்க பாடமே.

முதல் பீரியட்ல 28 செ.மீ நீளத்துக்கு ஒரு பேப்பர் பட்டைய ஆளுக்கொண்ணா குடுத்து, பாதியா வெட்டு, அதுல பாதிய திரும்ப வெட்டுன்னு விடுங்க. எட்டாவது வெட்டுல ஒரு மில்லிமீட்டருக்கு வந்துரும், அதுக்கு மேல கத்திரிக்கோல் கேக்காது. இதே மாதிரி 28 தடவ வெட்ட முடிஞ்சா ஒரு நானோமீட்டர் வந்துரும்னு அப்ப சொல்லுங்க. மீட்டர்ல நூறு கோடில ஒரு பங்குன்னு போர்டுல எழுதிப்போட்டா மனசுல நிக்காது, இது நிக்கும்.

ஆனா சின்னதுங்கறது மட்டும் நானோ இல்ல, நிறைய பேர் இங்கதான் நிறுத்திடறாங்க. சைஸ் மாறினா குணமே மாறுது, அதான் விஷயம். தங்கத்த நானோ அளவுக்குக் கொண்டுபோயி தண்ணில மிதக்க விட்டா செவப்பா தெரியும், விஞ்ஞானி ஃபாரடே 1857-லயே இத செஞ்சு பாத்துருக்கார். 2023-ல கெமிஸ்ட்ரி நோபல் குவாண்டம் டாட்டுங்கற நானோ துகளுக்குக் குடுத்தாங்க இல்லியா, அதுவும் இதேதான், ஒரே பொருள், துகள் சின்னதா இருந்தா நீலம், கொஞ்சம் பெருசானா செவப்பு.

ரெண்டாவது பீரியட் கணக்கு. ஒரு செ.மீ வெல்லக்கட்டி மாதிரி ஒரு கனசதுரம், மேல்பரப்பு 6 சதுர செ.மீ. அத மில்லிமீட்டர் துண்டா ஆக்குனா ஆயிரம் துண்டு, பரப்பு 60. நானோமீட்டர் துண்டா ஆக்குனா எவ்வளவுன்னு பிள்ளைங்களே போடட்டும், 6000 சதுர மீட்டர் வரும், கிட்டத்தட்ட ஒன்றரை ஏக்கர்! உங்க பக்கம் பாதிப் பிள்ளைங்க தென்னந்தோப்பு, வயல்னு இருக்கற வீட்டுப் பிள்ளைங்க, ஒரு விரல் நுனில ஒன்றரை ஏக்கர்னா உடனே பிடிச்சுக்கும். பரப்பு கூடுனா வினை நடக்கற எடம் கூடுது, அவ்வளவுதான். அப்பவே நானோ யூரியா பாட்டில பத்தியும் பேசிருங்க, 2021-ல வந்தது, 500 மில்லி ஒரு மூட்டை சாதா யூரியாவுக்கு சமம்னு சொல்லி விக்கறாங்க, அது சரியான்னு விவசாய விஞ்ஞானிங்களுக்குள்ளயே சண்டை இருக்கு. அப்பா அடிச்சுப் பாத்தாரா, என்ன ஆச்சுன்னு கேட்டுட்டு வரச் சொல்லுங்க. நானோன்னு பேர் போட்டாலே நம்பிரக்கூடாதுன்னு இந்த வயசுலயே தெரியணும், இது எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது.

மூணாவது பீரியட் சேம்பு இலை. இலைல ஒரு சொட்டு விட்டா முத்து மாதிரி உருண்டு ஓடும், போற வழில தூசியையும் சேத்து எடுத்துட்டுப் போயிரும். இப்ப அதே இலைல ஒரு மூலைய துணியால நல்லா அழுத்தித் தேச்சுட்டு திரும்ப சொட்டு விடுங்க, அங்க மட்டும் தண்ணி பப்பரப்பான்னு பரவி ஒட்டிக்கும். இலை மேல கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம், அது மேல இன்னும் பொடியா, நானோ அளவுல மெழுகு, சொட்டு அதோட நுனிய மட்டும்தான் தொடுது, அடில காத்து. தேச்சதுல அந்த மெழுகு போயிருச்சு. நாம தாமரை இலைத் தண்ணின்னு சொல்றோமே, அதுவும் இதேதான்.

நாலாவது பீரியட் வெள்ளி நானோ துகள் செஞ்சு பாக்கறது, இது நீங்க மட்டும் கிளவுஸ் போட்டு செய்யுங்க, கைல பட்டா கறுத்துரும். சில்வர் நைட்ரேட் லிட்டருக்கு 0.17 கிராம். துளசி இலைய கழுவி பத்து நிமிஷம் கொதிக்க வெச்சு வடிகட்டி, ஒரு பங்கு சாறுக்கு ஒம்பது பங்கு நைட்ரேட், வெயில்ல வைங்க. மெதுவா மஞ்சளாகி பழுப்புக்கு வரும், சில சமயம் ஒரு மணி நேரம் கூட ஆகும். ரெண்டுக்குமே டிஸ்டில்டு வாட்டர்தான் வேணும். நான் ஒரு ஸ்கூல்ல அவசரத்துல போர் தண்ணி ஊத்திட்டேன், உப்புத்தண்ணியா, கலந்த உடனே பால் மாதிரி வெளுத்துருச்சு, அது சில்வர் குளோரைடு, வேற ஒண்ணும் இல்ல. நெறம் மாறினத மட்டும் வெச்சு நானோதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது, எந்த ஒளிய எவ்வளவு உறிஞ்சுதுன்னு அளக்கற ஸ்பெக்ட்ரோமீட்டர்ல பாத்தாதான் உறுதி, பக்கத்துல ஏதாவது காலேஜ் கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்ல கேட்டா ஒரு சாம்பிள் பாத்துக் குடுப்பாங்க, பிள்ளைங்க நாலு பேர கூட்டிட்டே போங்க. மிச்சத்த சிங்க்ல ஊத்தாதீங்க, உப்புக் கரைசல் விட்டு அடில தங்கறத தனியா ஒரு பாட்டில்ல சேத்து வைங்க.

தமிழ்ல பாடம் இல்லன்னீங்களே, தமிழ்நாட்டு ஒம்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துல பயன்பாட்டு வேதியியல்னு ஒரு பாடம் இருக்கு, அதுல நானோ வேதியியல் வருது, பிடிஎஃப் இலவசம். கூடவே ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் டி. பிரதீப் பத்தி சொல்லுங்க, மலப்புறம் ஜில்லாக்காரர், வெள்ளி நானோ துகள வெச்சு குடிதண்ணில பூச்சி மருந்த எடுக்கற ஃபில்டர் கண்டுபிடிச்சவர், 2020-ல பத்மஸ்ரீ வாங்கினார். பக்கத்து ஜில்லான்னு கேக்கும்போதே பிள்ளைங்க நிமிந்து உக்காரும்.

முதல் மூணு பீரியட மழைக்காலத்துலயே முடிச்சிருங்க, அப்பதான் வாய்க்கா ஓரமெல்லாம் சேம்பு இருக்கும். வெள்ளிய மட்டும் நல்லா வெயில் அடிக்கற ஒரு நாளுக்குத் தள்ளி வைங்க.