வக்கீல் பட்டம் வேண்டாம், ஐந்தாறு தாள் போதும்

என்ன படிப்பது என்று என்னிடம் ஆலோசனை கேட்க அப்பா, அம்மா, மகள் மூவரும் வந்திருந்தார்கள். மகளுக்குப் புள்ளியியல் பட்டப்படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. கூடவே குற்றவியலை மைனராக எடுக்க வேண்டும் என்கிறாள். "மைனர் என்றால் சிறுவர் குற்றம் பற்றிய படிப்பா சார்?" என்று அப்பா கேட்டார். சிரிப்பு வந்தாலும் நியாயமான கேள்விதான். முதன்மைப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கும் துணைப்பாடம் அது. பெரும்பாலும் ஐந்தாறு தாள்கள்.

கலக்கம் சித்தப்பாவிடமிருந்து வந்திருந்தது. "குற்றம், ஜெயில் என்றுதான் ஆசை என்றால் சட்டமே படிக்கட்டும். வக்கீல் என்றால் நாலு பேர் மதிப்பார்கள்" என்றாராம். முதலில் சமாதானமாகத்தான் பேசினேன். அது வேலைக்காகவில்லை. கடைசியில் நேராகவே சொல்லிவிட்டேன்: இவளைச் சட்டத்துக்கு அனுப்பாதீர்கள். வாதாடுவதில் இவளுக்குத் துளியும் ஆசையில்லை. மதிப்பவர் நாலு பேர், படிக்கப்போவது இவள் ஒருத்தி. கட்டணம் கட்டப்போவது நீங்கள்.

'குற்றவியல் சட்டம்' என்றே கேட்டுப் பழகியதால் இரண்டும் ஒன்று என்று தோன்றுகிறது. இந்தச் செயல் குற்றமா, தண்டனை என்ன என்பது சட்டத்தின் கேள்வி. இந்தத் தெருவில் நடப்பது அடுத்த தெருவில் ஏன் நடப்பதில்லை, தண்டித்த பிறகு குறைந்ததா என்பது குற்றவியலின் கேள்வி. கைரேகையும் ரத்தக்கறையும் தடய அறிவியல். அதற்கு வேதியியல், உயிரியல் வேண்டும். டிவி தொடர் பார்த்து அதற்கு ஆசைப்பட்டிருந்தால் அன்றே தடுத்திருப்பேன்.

சோதித்தும் பார்த்தேன். திருட்டு வழக்குகளின் ஆண்டுவாரி அட்டவணை ஒன்றை மேசையில் நகர்த்தி, என்ன தெரிகிறது என்றேன். "திருட்டு கூடிவிட்டது" என்றார் அப்பா. மகள் பேனா முனையால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டே போய், "புகார் கொடுக்கிறவங்க கூடியிருக்கலாமே?" என்றாள்.

அந்தத் துறையின் பழைய தலைவலியே அதுதான். போலீஸ் பதிவேட்டுக்கு வராத குற்றங்களையும் பிடிக்கத்தான் அமெரிக்காவில் 1973 முதல் பொதுமக்களையே கேட்டுக் கணக்கெடுக்கிறார்கள். 1945இல் பிறந்த 9,945 ஃபிலடெல்ஃபியா பையன்களின் பதிவுகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 1972இல் வெளியானது. அவர்கள் பேரில் பதிவான குற்றங்களில் பாதிக்கு மேல் செய்தவர்கள் அவர்களில் 6 சதவீதம் பேர்தான். அமெரிக்காவின் இன்னொரு நகரமான மின்னியாபொலிஸில் போலீஸுக்கு வந்த அழைப்புகளில் பாதி, ஏறக்குறைய 3 சதவீத இடங்களிலிருந்தே வந்தன என்று 1989இல் கண்டார்கள். ரோந்தை எங்கே விடுவது என்ற கேள்வியையே அது மாற்றியது. இவையெல்லாம் எண்ணோடு புழங்குகிறவர்கள் செய்த வேலை.

புள்ளியியலோடு இந்த மைனர் சேர்ந்தால் போலீஸ் துறைகளில் குற்றத் தரவு ஆய்வு, வங்கியிலும் காப்பீட்டிலும் மோசடி கண்டுபிடிப்பு, சிறைக்குப் போய் வந்தவர்களுக்கான திட்டங்கள் பலித்தனவா என்று அளப்பது என வழி திறக்கும். கடைசியாகச் சொன்னதை யாரும் கண்டுகொள்வதில்லை. சிறையைச் சுற்றிக் காட்டி இளைஞர்களைப் பயமுறுத்தித் திருத்தும் திட்டங்கள் ஊருக்கெல்லாம் பிடித்தவை. அளந்து பார்த்தபோது, போகாதவர்களைவிடப் போனவர்கள்தான் அதிகம் தவறு செய்திருந்தார்கள். அளக்காமல் விட்டிருந்தால் இன்னும் கைதட்டிக்கொண்டே இருந்திருப்போம். தாள் தேர்ந்தெடுக்கும்போது ஆய்வு முறைகள், பாதிக்கப்பட்டோர் பற்றிய பாடம், பொருளாதாரக் குற்றம் மூன்றையும் விடாதே, பரபரப்பான தலைப்புள்ள தாளைக் கடைசியில் பார்த்துக்கொள் என்றேன்.

ஒன்றில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். மைனருக்காகப் படிப்பு ஒரு பருவம் நீண்டாலும், கூடுதல் கடன் தேவைப்பட்டாலும் வேண்டாம். சான்றிதழில் மைனர் என்று வரும் அந்த ஒரு வரி மட்டும் தனியாக வேலை வாங்கித் தராது. அப்படியானால் இரண்டு தாளை விருப்பப் பாடமாகப் படித்தால் போதும். "ரெண்டு தாளா?" என்று முகம் சுருங்கியது. ஆமாம், ரெண்டுதான்.

பதிவு செய்வதற்கு முன் துறை அலுவலகத்தில் கேட்கச் சொன்னேன்: அந்தத் தாள்கள் ஆண்டுதோறும் நடக்கின்றனவா, ஓராண்டு விட்டு ஓராண்டா? புள்ளியியல் வகுப்பு நேரத்தோடு மோதுமா? அட்டவணையின் பின்பக்கத்தில் இரண்டு கேள்வியையும் எழுதிக்கொண்டாள். அம்மா அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.